இழப்பற்ற பிரதியும் இழக்கப்படும் சான்றும்
இசை இறுவட்டுகளின் தன்னியக்கச் சேமிப்புப் பற்றிய ஒரு விமர்சனம்

1. முன்னுரை

ஏட்டிலிருந்ததை ஏட்டிலே பெயர்த்தெழுதிய காலம் முதலாகப் பிரதி செய்தல் என்பது தமிழ்ப் புலமை மரபிலே ஐயத்துடன் நோக்கப்பட்டுவந்த ஒரு செயலாகும். எழுதுவோன் கை சோர்வதும் கண் மயங்குவதும் இயல்பு. ஒரு வரி விடுபடலாம், ஓரெழுத்து மற்றோரெழுத்தாகலாம், விளங்காத சொல்லை விளங்கிய சொல்லாக மாற்றி எழுதுவோன் தான் செய்தது திருத்தமென்றே கருதியுமிருக்கலாம். எனவேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழந்தமிழ் நூல்களை அச்சேற்ற முனைந்தபோது, கைக்கெட்டிய ஒரு சுவடியோடு அமையாது பல சுவடிகளைத் தேடி அலைந்தனர். 1887ஆம் ஆண்டிலே முன்னவர் கலித்தொகையையும் பின்னவர் சீவகசிந்தாமணியையும் வெளியிட்டனர். சுவடிகள் தம்முள் மாறுபட்ட இடங்களைப் பாடபேதமெனக் குறித்துவைக்கும் வழக்கம் இத்தகைய முயற்சிகளினூடாகவே தமிழ்ப் பதிப்புலகில் வேரூன்றியது. தான் ஏற்ற பாடத்தை மேலே தந்த பதிப்பாசிரியன், தான் ஏலாத பாடத்தையும் அடிக்குறிப்பிலே பேணினான். ஏலாததையும் பேணியமையே அம்முறையின் உயிர்நிலையாகும். பின்வருவோன் முன்னவனின் தீர்ப்பை மீள ஆராய்வதற்கு அதுவே இடமளித்தது.

இன்று பிரதி செய்யும் தொழிலின் பெரும்பகுதி இயந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இசை இறுவட்டுகளிலுள்ள ஒலியைக் கணினிக் கோப்புகளாக்கிச் சேமிக்கும் முயற்சி அதற்கு ஓர் உதாரணம். வட்டினைச் செலுத்தியில் இட்டதும் கணினி அதனை வாசித்து, பிழை பார்த்து, ஒடுக்கி, பெயரிட்டு, உரிய கோப்புறையில் வைத்துவிட்டு, அடுத்த வட்டுக்காகத் தட்டினை வெளித்தள்ளுகின்றது. மனிதன் செய்ய எஞ்சியிருப்பது வட்டை மாற்றுவது மாத்திரமே. இவ்வாறு பெறப்படும் கோப்பு 'இழப்பற்றது' என்னும் அடைமொழியால் சிறப்பிக்கப்படுகின்றது. அவ்வடைமொழி எதனைப் பொறுத்து உண்மையானது, எதனைப் பொறுத்து உண்மையாகாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தன்னியக்கத்தை மறுப்பது இதன் நோக்கமன்று. பிரதிகளுக்கிடையே முரண் தோன்றுமிடத்து இயந்திரம் என்ன செய்கின்றது என்னும் வினாவே ஈண்டு முதன்மை பெறுகின்றது.

2. இறுவட்டின் இயல்பு

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் கூட்டாக வகுத்த நியமத்தின்படி அமைந்த இசை இறுவட்டு 1982 ஒக்ரோபரில் யப்பானிலே விற்பனைக்கு வந்தது. அதில் ஒலியானது செக்கனுக்கு 44,100 தடவை, இடம் வலம் என்னும் இரு வழிகளிலும் அளக்கப்பட்டு, 16 பிற்று அளவான துவித எண்களாகப் பதியப்படுகின்றது. இவ்வாறு நிரப்பப்பட்ட 74 நிமிட வட்டொன்றிலுள்ள ஒலி ஏறத்தாழ 78 கோடி பைற்றுகளாகும்.

எண்களாகவே பதியப்பட்டமையால் இதனைப் பிரதி செய்வது எளிது எனத் தோன்றலாம். ஆயின் இசை இறுவட்டு கேட்பதற்கென ஆக்கப்பட்டதேயன்றிப் பிரதி செய்வதற்கென ஆக்கப்பட்டதன்று. ஒரு செக்கன் ஒலி 75 பகுதிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியும் 2,352 பைற்றுகளைக் கொண்டதாக அமைகின்றது. பின்னர் கணினித் தரவுகளுக்கென உருவாக்கப்பட்ட இறுவட்டில், அதே அளவான பகுதியில் 2,048 பைற்றுகள் மாத்திரம் உள்ளடக்கத்துக்குப் பயன்படுகின்றன. எஞ்சியவை அப்பகுதியின் முகவரிக்கும் மேலதிகப் பிழைதிருத்தத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இசை வட்டிலோ அவ்விடமும் ஒலிக்கே செலவாகியுள்ளது. எனவே, வாசிக்கும் செலுத்தி தான் நிற்கும் இடத்தைத் துல்லியமாக அறிய இயலாது போகலாம். கீறலோ அழுக்கோ அடிப்படைப் பிழைதிருத்தத்தின் ஆற்றலை விஞ்சுமிடத்து, இசைக்கருவி அயலிலுள்ள எண்களைக் கொண்டு இடையிலுள்ளதை ஊகித்து நிரப்பிவிடுகின்றது. கேட்போனுக்கு இது உபகாரம். காப்பாளனுக்கோ, சிதைந்த எழுத்தைத் தன் ஊகத்தால் நிரப்பி, நிரப்பியதைக் குறிப்பிடாதுவிட்ட ஏடெழுதுவோனின் செயலையே இது நினைவூட்டும். இவற்றோடு, ஒவ்வொரு வகைச் செலுத்தியும் உரிய இடத்துக்குச் சில எண்கள் முன்னோ பின்னோ வாசிக்கத் தொடங்கும் வழக்கமுடையது என்பதும் கருதத்தக்கது.

இக்குறைகளை மென்பொருளால் நிவிர்த்தி செய்யும் முயற்சிகள் 1990களின் பிற்பகுதியில் வலுப்பெற்றன. கிறிஸ்ரோபர் மொன்ற்கொமரி ஆக்கிய 'சீடீ பரனோயா' என்னும் செய்நிரல், வட்டின் ஒரே பகுதியை ஒன்றன்மேலொன்று படியுமாறு மீண்டும் மீண்டும் வாசித்து, வாசிப்புகளை ஒட்டிப் பார்த்து ஏற்றது. 1998இல் ஜேர்மனியரான அன்ட்ரே வீற்றொஃப் வெளியிட்ட 'எக்சாக்ற் ஓடியோ கொப்பி' ஐயத்துக்குரிய இடங்களைப் பலமுறை வாசித்து, எவ்விடத்தில் ஐயம் தீரவில்லை என்பதைச் செயற்பதிவாகவும் எழுதிவைத்தது. இதனையடுத்துத் தோன்றிய 'அக்கியூரேற் றிப்' என்னும் தரவுத்தளம் ஒப்பீட்டினை ஒரு தனிக் கணினியின் எல்லைக்கு அப்பால் கொண்டுசென்றது. செலுத்தியின் இடப்பெயர்ச்சி சரிசெய்யப்பட்டபின், ஒவ்வொரு பாடலின் எண்களிலிருந்தும் ஒரு சரிபார்ப்பெண் கணிக்கப்படுகின்றது. வெவ்வேறு நாடுகளிலே வெவ்வேறு மனிதர் வெவ்வேறு செலுத்திகளால் பெற்ற சரிபார்ப்பெண்களோடு அது ஒத்துவருமாயின், அப்பிரதி பிழையற்றதெனக் கொள்ளப்படும்.

பெற்ற எண்களைச் சேமிப்பதற்கு ஜோஷ் கோல்சன் 2001இல் வெளியிட்ட 'ஃபிளாக்' என்னும் கோப்பு வடிவம் பெருவழக்காகப் பயன்படுகின்றது. முன்னைய எண்களிலிருந்து அடுத்த எண் யாதாகும் என முன்கணித்து, கணிப்புக்கும் உண்மைக்குமுள்ள வேறுபாட்டை மாத்திரம் குறுகிய வடிவில் எழுதுவதே அதன் முறை. கோப்பின் பருமன் பெரும்பாலும் மூலத்தின் அரைப்பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையே அமையும். விரிக்கும்போது ஓரெண்ணும் குன்றாது மூலம் மீளும். மூல ஒலியின் சரிபார்ப்பெண்ணொன்று கோப்பின் தொடக்கத்திலேயே பொறிக்கப்படுவதால், ஆண்டுகள் பல கழிந்தபின்னரும் அதன் செம்மையைச் சோதித்தறியலாம். 2024இல் இவ்வடிவம் இணையத்தின் நியமங்களை வகுக்கும் அமைப்பினால் ஒரு நியமமாக வெளியிடப்பட்டது. எண்களைப் பொறுத்தவரை 'இழப்பற்றது' என்னும் கூற்று உண்மையே.

3. தன்னியக்கத்தின் நியாயம்

இறுவட்டு அழியாதது என அது விற்பனைக்கு வந்த காலத்தில் நிலவிய நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. இங்கிலாந்தின் பிளக்பேண் நகரிலிருந்த தொழிற்சாலையொன்றில் 1988க்கும் 1993க்கும் இடையில் அச்சான வட்டுகள் பல, தாளுறையிலிருந்த கந்தகச் சேர்மங்களை மேற்பூச்சுத் தடுக்காமையால், ஓரத்திலிருந்து வெண்கல நிறமாகி வாசிக்க இயலாதவையாயின. வீட்டுக் கணினிகளில் எழுதப்பட்ட வட்டுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவற்றில் ஒலியைத் தாங்குவது அச்சிட்ட குழிகளன்று, ஒருவகைச் சாயமே. ஒளியும் வெப்பமும் ஈரப்பதனும் அச்சாயத்தைக் கெடுக்கின்றன. இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளுட் பெரும்பாலானவற்றில் இறுவட்டுச் செலுத்தி இல்லாமையும் உடன் நோக்கத்தக்கது. வட்டு கெடுகின்றது, வாசிக்கும் கருவியும் அருகுகின்றது.

இந்நிலையில் ஆயிரக்கணக்கான வட்டுகளைக் கொண்ட ஒரு நூலகமோ வானொலி நிலையமோ அவற்றை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு பாடலின் பெயரையும் தட்டச்சிட்டுச் சேமிக்க முற்பட்டால், பணி முடியுமுன் வட்டுகளே முடிந்துவிடக்கூடும். மனிதனின் கவனமும் எல்லையற்றதன்று. முதல் நூறு வட்டுகளில் இருந்த கவனம் ஐந்நூறாவது வட்டில் இராது. ஒரே செயலை ஒரே விதமாகச் சலிப்பின்றிச் செய்வதில் இயந்திரம் மனிதனை விஞ்சுகின்றது. வட்டினை இனங்கண்டு, செலுத்தியின் இடப்பெயர்ச்சியைத் திருத்தி, வாசித்து, ஒப்பிட்டு, கோப்பாக்கும் தொடர்ச் செயலைத் தன்னியக்கமாக்குவது வசதி கருதிய ஒன்று மாத்திரமன்று. காலத்தோடு நடக்கும் போட்டியில் அது தவிர்க்கவியலாதது. இதனை ஏற்றுக்கொண்ட பின்னரே விமர்சனத்துக்கு இடமுண்டு.

4. உடன்பாடு எனும் அளவுகோல்

பல சுவடிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியரின் முறைக்கும், பல வாசிப்புகளின் சரிபார்ப்பெண்களை ஒப்பிடும் இன்றைய முறைக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டும் ஒரு சான்றை நம்பாது பல சான்றுகளின் உடன்பாட்டை நாடுகின்றன. ஆயின் வேறுபாடொன்றும் உண்டு. பதிப்பாசிரியன் உடன்பாட்டைத் தேடும் வழியில் முரண்களைத் திரட்டினான். இயந்திரமோ உடன்பட்டவற்றை எண்ணிக் கூறிவிட்டு அமைகின்றது. உடன்படாத வாசிப்பு பிழையானதா, அன்றிப் பிறிதொரு பதிப்பினதா என்பதை அது ஆராய்வதில்லை.

ஒரே இசைத்தொகுதி பல தடவை அச்சிடப்படும்போது ஒலி மாற்றியமைக்கப்படுவதுண்டு. 1980களில் வெளியான வட்டும், அதே பெயரில், அதே அட்டைப்படத்தோடு இருபது ஆண்டுகளின் பின் வெளியான வட்டும் ஒலியளவில் வேறுபட்ட இரு பாடங்களாக இருத்தல் கூடும். பின்னையதில் மென்மையான ஒலிக்கும் உரத்த ஒலிக்குமுள்ள இடைவெளி குறுக்கப்பட்டு, யாவும் உரத்து ஒலிக்குமாறு செய்யப்பட்டிருக்கலாம். இரண்டும் ஒரே பெயருள்ள கோப்புறைக்குள் புகுமாயின், எது எதுவென்று பின்னர் அறிய வழியில்லை.

எண்களுக்குப் புறம்பாக வட்டிலே உறையும் செய்திகளும் உள. 1980களில் வெளியான வட்டுகள் சிலவற்றில், பதிவின்போது உயர்சுருதி ஒலிகள் மிகைப்படுத்தப்பட்டு, கேட்கும்போது கருவியால் தணிக்கப்படவேண்டும் என்னும் குறியீடொன்று பொறிக்கப்பட்டது. அக்குறியீட்டைக் கவனியாத செய்நிரல் எண்களைச் செம்மையாகவே பிரதி செய்யும். கேட்கப்படும் இசையோ கூச்சலிடும். முதற்பாடலுக்கு முன்னுள்ள இடைவெளியிலே ஒலி மறைத்துவைக்கப்பட்ட வட்டுகளும் உண்டு. பாடலின் தொடக்கக் குறியிலிருந்து வாசிக்கும் செய்நிரலுக்கு அது இல்லாத ஒன்றே. ஓரெண்ணும் பிழையாது, ஒரு பகுதி முழுவதும் விடுபட்ட பிரதியை 'இழப்பற்றது' எனல் எவ்வாறு பொருந்தும்?

மற்றொன்று இவற்றினும் அடிப்படையானது. இறுவட்டே பல வேளைகளில் ஒரு பிரதி என்பது மறக்கப்படுகின்றது. ஈழத்தின் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். இசை இறுவட்டு சந்தைக்கு வந்ததோ 1982இல். ஆகவே அவரது வாசிப்பைத் தாங்கிய எந்த வட்டும் ஒலிநாடாவிலிருந்தோ வேறொரு பதிவிலிருந்தோ பெயர்க்கப்பட்டதாகவே இருத்தல் வேண்டும். அந்நாடா மூல நாடாவா, அதன் பிரதியா, பிரதியின் பிரதியா என்னும் வினாக்களுக்குச் சரிபார்ப்பெண் விடை கூறாது. சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பற்றி மாத்திரமே 'இழப்பற்றது' என்னும் சொல் பேசுகின்றது. முன்னைய கண்ணிகளைப் பற்றிய செய்தி, இருக்குமாயின், வட்டோடு வந்த சிறு தாளிலேதான் இருக்கும். தன்னியக்கம் அத்தாளை வாசிப்பதில்லை.

5. பெயரிடும் உழைப்பும் உடைமையும்

ஒலியைப் பிரதி செய்தல் ஒருபுறமிருக்க, பிரதிக்குப் பெயரிடுதல் இன்னும் சிக்கலானது. தொடக்கத்தில் வகுக்கப்பட்ட நியமப்படி அமைந்த வட்டில் பாடல்களின் பெயரோ பாடியோரின் பெயரோ இல்லை. 1996இல் அதற்கென ஓர் இணைப்பு வகுக்கப்பட்டபோதும் எல்லா வெளியீட்டாளரும் அதனைக் கைக்கொள்ளவில்லை. எனவே கணினி வட்டின் உள்ளடக்க அட்டவணையை, அதாவது பாடல்கள் தொடங்கும் இடங்களின் பட்டியலை, ஒரு சிறு குறியீடாகச் சுருக்கி, தொலைவிலுள்ள தரவுத்தளமொன்றிடம் அப்பெயர்களை வினவுகின்றது. இசை இங்கு இனங்காணப்படுவதில்லை, நீளங்களே இனங்காணப்படுகின்றன. பழைய முறையிலான குறியீடு மிகச் சிறியதாகையால், தொடர்பற்ற இரு வட்டுகள் ஒரே குறியீட்டைப் பெறுவதும் நிகழ்ந்தது. பல விடைகள் கிடைக்குமிடத்து முதலாவதை ஏற்று மேற்செல்வது, கேள்வி கேளாது இயங்குமாறு அமைக்கப்பட்ட செய்நிரல்கள் சிலவற்றின் வழக்கம்.

இத்தரவுத்தளங்களின் வரலாறு சமூகவியல் நோக்கிலும் கவனத்துக்குரியது. 1990களில் ரீ கான் என்பவரின் இசைக்கருவி மென்பொருளோடு தோன்றிய 'சீடீடீபீ' என்னும் பட்டியல், உலகெங்குமுள்ள நேயர் தம் வட்டுகளின் பெயர்களைத் தாமே தட்டச்சிட்டு அனுப்பியமையால் வளர்ந்தது. பல்லாயிரவரின் ஊதியமற்ற உழைப்பு அதில் உறைந்திருந்தது. 1998இல் அது ஒரு நிறுவனத்தின் உடைமையாயிற்று. பின்னர் 'கிறேஸ்நோற்' எனப் பெயர் பெற்று, உரிமக் கட்டுப்பாடுகளுக்குட்பட்டது. 2008இல் சோனியின் கைக்கு மாறி, அதன் பின்னரும் கைமாறியது. பொதுமக்கள் கூட்டாக ஆக்கிய செல்வம் தனியுடைமையாகும் பழைய கதையே இங்கும் நிகழ்ந்தது. அதற்கு எதிர்வினையாகத் தோன்றிய 'ஃபிறீடீபீ' என்னும் பொதுத் தரவுத்தளம் 2020இல் மூடப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் றொபேட் கே தொடக்கிய 'மியூசிக்பிறெயின்ஸ்' இலாபநோக்கற்ற அமைப்பொன்றின்கீழ் இன்றும் இயங்குகின்றது. அங்கு ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது, எப்பொழுது செய்தது என்பதோடு பேணப்படுகின்றது. ஒரே தொகுதியின் வெவ்வேறு பதிப்புகளும் வேறுபடுத்திக் காட்டப்படுகின்றன. பாடபேத மரபுக்கு மிக அணித்தாக வரும் முயற்சி இதுவே எனலாம்.

ஆயினும் தரவுத்தளத்தில் உள்ள நுட்பம் யாவும் கோப்பிலே வந்து சேர்வதில்லை. தன்னியக்கச் செய்நிரல் பெரும்பாலும் கலைஞர், தொகுதி, பாடல், ஆண்டு என்னும் நான்கைந்து கட்டங்களுக்குள் யாவற்றையும் அடக்கிவிடுகின்றது. 2005இல் வெளியான இளையராஜாவின் 'திருவாசகம்' இதற்குத் தக்க உதாரணம். பாடலாசிரியர் மாணிக்கவாசகர்; இசையமைத்தவர் இளையராஜா; வாசித்தது புடாபெஸ்ற் சிம்பொனி இசைக்குழு; ஆங்கிலப் பகுதிகளில் அமெரிக்கரான ஸ்ரீபன் ஷ்வாட்சின் பங்குமுண்டு. 'கலைஞர்' என்னும் ஒற்றைக் கட்டத்தில் இவர்களுள் எவரை இடுவது? எவரை இட்டாலும் மற்றையோர் மறைவர். தவில் வாசித்தவரை நாதசுரக்காரரின் பெயருக்குள் மறைப்பதும், மிருதங்கமும் வயலினும் வாசித்தவர்களைப் பாடகரின் பெயருக்குள் மறைப்பதும் இதே கட்டத்தின் விளைவே. மேலைநாட்டு ஜனரஞ்சகப் பாடலை மனத்திற்கொண்டு வகுத்த கட்டம், ஏனைய இசை மரபுகளின் உழைப்புப் பகிர்வைக் காணாது விடுகின்றது. பழைய தரவுத்தள முறைகள் இலத்தீன் எழுத்தை மாத்திரமே ஏற்றமையால், தமிழ்ப் பெயர்கள் ஒவ்வொருவர் செவிக்கும் ஏற்ப ஆங்கில எழுத்தில் வெவ்வேறாக எழுதப்பட்டு, ஒரே பாடல் பல பெயர்களிற் சிதறிய நிலையும் ஏற்பட்டது.

6. ஹற்றோ விவகாரம் தரும் படிப்பினை

முரணைப் பேணுவதன் இன்றியமையாமையை 2007ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஒரு விவகாரம் தெளிவாக உணர்த்துகின்றது. ஜோய்ஸ் ஹற்றோ என்னும் ஆங்கிலப் பியானோக் கலைஞர் 2006இல் காலமானார். அவர் நோயுற்று மேடையை விட்டு விலகியிருந்த காலத்தில் வாசித்தவையெனக் கூறப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட இறுவட்டுகளை அவரது கணவர் வில்லியம் பரிங்ரன் கூப் தமது சிறு நிறுவனத்தின் மூலம் வெளியிட்டிருந்தார். விமர்சகர் பலர் அவற்றை வானளாவப் புகழ்ந்தனர். 2007 பெப்ரவரியில் நியூயோர்க்கைச் சேர்ந்த நேயர் ஒருவர், லிஸ்ற் என்னும் இசையமைப்பாளரின் பயிற்சிப் படைப்புகளைக் கொண்ட ஹற்றோவின் வட்டினைத் தமது கணினியில் இட்டார். தரவுத்தளம் அதனை லஸ்லோ சிமொன் என்னும் வேறொரு கலைஞரின் வட்டெனக் கூறியது. ஐயுற்ற நேயர் இரண்டையும் கேட்டு ஒப்பிட்டார். செய்தி இசை இதழொன்றுக்கு எட்டியது. ஒலியலைகளை ஒப்பிட்ட வல்லுநர் பதிவுகள் ஒன்றேயென உறுதிசெய்தனர். ஷோப்பனின் மசூர்காக்களை ஆராய்ந்துகொண்டிருந்த பிரித்தானிய ஆய்வாளரும், ஹற்றோவின் பெயரிலிருந்த பதிவு யூஜின் இன்ஜிக்கின் பதிவே எனத் தனித்துக் கண்டிருந்தனர். ஈற்றிலே கணவர் தமது செயலை ஒப்புக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியை இயந்திரத்தின் வெற்றியாகக் கூறுவோர் உளர். தேர்ந்த விமர்சகரின் செவிக்கு எட்டாததை நீளங்களின் பட்டியலொன்று காட்டிக்கொடுத்தது உண்மையே. ஆயின் வேறொரு கோணத்திலும் இதனை நோக்குதல் வேண்டும். அவ்வட்டினை இட்டது ஒரு மனிதனாகவன்றி முற்றுந் தன்னியக்கமான சேமிப்பு முறையாக இருந்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்? தரவுத்தளம் கூறிய பெயரை அது ஐயமின்றி ஏற்று, லஸ்லோ சிமொன் எனக் கோப்புக்குப் பெயரிட்டு, வட்டினை வெளித்தள்ளியிருக்கும். பெயர் சரியாகவே இருந்திருக்கும். ஆயின் அவ்வட்டின் உறையில் ஹற்றோ என அச்சிடப்பட்டிருந்தது என்னும் சான்று கோப்பிலே இடம்பெற்றிராது. மோசடி வெளிப்படுவதற்குப் பதிலாகத் துடைக்கப்பட்டிருக்கும். உண்மையை வெளிக்கொணர்ந்தது தரவுத்தளத்தின் கூற்றுமன்று, உறையின் கூற்றுமன்று. இரண்டுக்குமிடையே இருந்த முரணே அதனை வெளிக்கொணர்ந்தது. அம்முரணைக் கண்டு ஒரு மனிதர் தாமதித்தார். தன்னியக்கம் தாமதங்களை ஒழிப்பதையே தன் சிறப்பெனக் கொள்கின்றது.

பிறிதொரு செய்தியும் இதிற் பெறப்படும். ஹற்றோவின் பெயரில் வெளிவந்த பதிவுகள் சில, மூலத்தின் வேகம் மாற்றப்பட்டு ஆக்கப்பட்டவை. அவற்றின் எண்கள் மூலத்தின் எண்களோடு ஒத்திரா. எனவே சரிபார்ப்பெண் அவற்றை வெவ்வேறானவை என்றே கூறியிருக்கும். எண்களின் ஒருமை வேறு, கலைப்படைப்பின் ஒருமை வேறு. முன்னையதைத் தீர்மானிப்பது கணிதம். பின்னையதைத் தீர்மானிப்பது விமர்சனம்.

7. தனிச்சான்றுகளும் ஈழத்து நிலையும்

உடன்பாட்டை அளவுகோலாகக் கொண்ட முறை, பல்லாயிரம் பிரதிகள் விற்பனையான வட்டுகளுக்கு நன்கு பொருந்தும். ஆயின் சிறு எண்ணிக்கையில் வெளியான வட்டுகளுக்கு ஒப்பிடப் பிறிதொரு வாசிப்புக் கிடைப்பது அரிது. கோயில் திருவிழா நாதசுரக் கச்சேரி, பாடசாலை நாட்டுக்கூத்து, அரங்கேற்றம், ஊர்ச் சங்கத்தின் பாடற்றொகுப்பு முதலியன வீட்டுக் கணினியிலே எழுதப்பட்ட வட்டுகளாகவே பெரிதும் உலவின. அவற்றை எந்தத் தரவுத்தளமும் அறியாது. தன்னியக்க முறை அவற்றுக்கு 'பெயரறியாக் கலைஞர்' எனவும், பாடல்களுக்கு வெறும் இலக்கங்களும் இட்டுச் செல்லும். அல்லது, நீளங்கள் தற்செயலாக ஒத்துவருமாயின், எங்கோ உள்ள வேறொரு இசைக்குழுவின் பெயரை இட்டுவிடும். பெயரில்லாத கோப்பைக் காண்போன் பெயரைத் தேடுவான். பிழையான பெயருள்ள கோப்பைக் காண்போன் தேடமாட்டான். ஆதலால் பின்னையதே பெருந்தீங்கு.

ஒரே சுவடியை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு ஒரு நூலைப் பதிப்பிப்பதன் இடர்ப்பாட்டைப் பழைய பதிப்பாசிரியர் நன்கறிவர். ஒரே பிரதி அழியுமாயின் யாது நேரும் என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஈழத்தவர் கண்டனர். ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்குங் கிடைக்காத சுவடிகளும் அன்று அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சு நூல்களைப் பொறுத்து ஆற்றிவரும் பணி, அவ்விழப்பின் நினைவினின்று பிரிக்கவியலாதது. ஒலிப்பதிவுகளைப் பொறுத்தும் அதே அக்கறை வேண்டப்படுகின்றது. ஆயின் மேலைநாட்டுச் சந்தை வட்டுகளுக்கென அமைந்த தன்னியக்க முறையை அவ்வாறே எடுத்தாளுதல் போதாது.

இவ்வகையில் சில நெறிகளைக் கைக்கொள்ளல் பயனுடையதாகும். முதலாவதாக, உறை, சிறுநூல், வட்டின் முகம், அதில் மையினால் எழுதிய கையெழுத்து ஆகியன படமாக்கப்பட்டுக் கோப்போடு வைக்கப்படல் வேண்டும். வட்டு தன்னைப்பற்றிக் கூறுவதும் தரவுத்தளம் அதைப்பற்றிக் கூறுவதும் வெவ்வேறு இடங்களில், மூலமும் திகதியுங் குறித்து எழுதப்படல் வேண்டும். ஒன்று மற்றொன்றை அழித்தலாகாது. இரண்டாவதாக, பாடல்களைத் துண்டாடிச் சேமிப்பதோடு அமையாது, இடைவெளிகளும் குறியீடுகளும் உட்பட வட்டு முழுவதையும் ஒரே பிரதியாகவும், வாசித்த செலுத்தியின் பெயரையும் ஐயத்துக்குரிய இடங்களையும் கூறும் செயற்பதிவோடு பேணுதல் வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு வட்டும் 'உறுதிப்பட்டது', 'தனிச்சான்று', 'முரண்பட்டது' என மூவகைப்படுத்தப்படல் தகும். உறுதிப்பட்டவற்றை இயந்திரம் தானே முடித்துவைக்கலாம். தனிச்சான்றானவை குறைந்தது இரு வேறு செலுத்திகளில் வாசிக்கப்பட்டு ஒப்பிடப்படல் வேண்டும். முரண்பட்டவற்றில் இயந்திரம் நின்றுவிட வேண்டும். அங்கு தீர்ப்புக் கூறுவது இசையறிவும் ஊரறிவும் உடைய ஒருவரின் பணி. பாடியவரை, வாசித்தவரை, பதிவுசெய்தவரை அறிந்த முதியோர் இன்னும் வாழுங் காலத்திலேயே அது நிறைவேறல் வேண்டும். நான்காவதாக, கோப்பாக்கப்பட்டமை காரணமாக மூல வட்டினை எறிதலாகாது. கோப்புகளையும் ஒரே இடத்தில் வைத்தலாகாது.

8. முடிவுரை

தன்னியக்கம் மனித உழைப்பை நீக்குவதில்லை. அவ்வுழைப்பு வேண்டப்படும் இடத்தையே மாற்றுகின்றது. வாசித்தல், ஒப்பிடல், ஒடுக்கல் ஆகிய பணிகளில் மனிதனுக்கிருந்த சுமை இறக்கப்பட்டுள்ளது. அதனாற் கிடைத்த ஓய்வு, இயந்திரத்தால் தீர்க்கவியலாத இடங்களுக்குச் செலவிடப்படுமாயின் இம்முறை பெரும்பேறாகும். அவ்விடங்கள் இல்லையெனக் கருதி விடப்படுமாயின், செம்மையான எண்களைக் கொண்ட, யாருடையதென்று அறியவியலாத ஒலிக்குவியலே எஞ்சும். சுவடிகளைத் தேடிய பதிப்பாசிரியர் தாம் ஏலாத பாடத்தையும் பின்வருவோருக்கென விட்டுச்சென்றனர். இசை இறுவட்டுகளைச் சேமிக்க முற்படுவோர் அந்நேர்மையைத் தம் செய்நிரல்களுக்குக் கற்பித்தல் வேண்டும். பாடியவர் பெயரும், உடன் வாசித்தவர் பெயரும், பதிவின் வரலாறும் எண்களோடு சேர்ந்து தப்புமாயின் மாத்திரமே அப்பிரதியை இழப்பற்றது எனக் கூறும் தகுதி ஏற்படும்.